மல்லாட்டை மூட்டை

(திருவண்ணாமலையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணின் தட்டில் அதிகம் பரிமாறப்படுவது அன்பா? அச்சமா?’ ‘அச்சமே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘இவன் என்ன பேசப் போறான்’ என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! கிரிவலம் பதினாலு கிலோமீட்டரும் நடந்துவிட்டு, அந்தக் காலோடு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற அண்ணாமலையார் மண்ணின் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ‘தட்டில் இருப்பது அன்புதான்’ என்று சொல்வதற்கு வளைகாப்பைச் சாட்சிக்கு அழைத்தார்கள். புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாகச் சொன்னார்கள். கேட்கும்போதே எனக்குப் பசி எடுத்துவிட்டது. நடுவர் ஐயாவும் ஒருதடவை கடிகாரத்தைப் பார்த்தார். (சிரிப்பு)

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கர்ப்பம் இருநூத்தி எண்பது நாள். வளைகாப்பு ஒரு நாள். மிச்சம் இருநூத்தி எழுபத்தொன்பது நாளும் அந்தப் பெண்ணின் காதில் விழுவது என்ன? ‘பப்பாளியைத் தொடாதே. அன்னாசி ஆகாது. எள்ளு சூடு. கத்தரிக்காய் அரிப்பு. வயிறு முட்டத் தின்னாதே, பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்.’ ஐந்து சாதம் போட்ட அதே கைதான் அய்யா, அம்பது தடை உத்தரவும் போடுது! (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். அதனால் கொஞ்சம் பழைய காலத்துக்குப் போய்விட்டு வருகிறேன். கர்ப்பிணிக்கு வருகிற ஆசைக்கு நம் முன்னோர் ‘வயா’ என்று பெயர் வைத்தார்கள். புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் என்ற புலவர் சேரமன்னன் ஒருவனைப் பாடுகிறார். ‘உன் நாட்டு மண்ணைப் பகைவர் யாரும் உண்ண முடியாது. உண்பதென்றால் மசக்கையில் ஆசைப்பட்டு உன் நாட்டுப் பெண்கள் உண்டால்தான் உண்டு’ என்பது அவர் சொன்ன கருத்து. ஒரு அரசனின் வீரத்தைச் சொல்ல வந்த இடத்தில் கர்ப்பிணியின் ஆசையைக் கொண்டுவந்து வைக்கிறார். ‘மண்ணையா தின்றாய்?’ என்று அந்தப் பெண்ணை அவர் திட்டவில்லை. (கைதட்டல்)

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் மண் தின்னக் கிளம்பிவிடாதீர்கள்! மண், சாம்பல், பச்சரிசி என்று ஆசை போனால், பல சமயம் இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரைப் பாருங்கள். நான் சொல்ல வந்தது, மண் தின்றவளைக்கூடப் பாட்டில் வைத்த இனம் நம் இனம். அந்த இனம் இன்றைக்கு மல்லாட்டை தின்றவளைக் கூண்டில் ஏற்றுகிறது.

மல்லாட்டை என்றதும் இந்தப் பக்கம் எல்லாரும் சிரிக்கிறீர்கள். மதுரைக்காரர்களுக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் புரியாது. அவர்களுக்கு அது நிலக்கடலை, வேர்க்கடலை, கடலைக்காய். நமக்கு அது மணிலாக் கொட்டை. பிறந்தது தென் அமெரிக்கா. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா பட்டணத்துப் பெயரை ஒட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்தது. மணிலாக் கொட்டை, மல்லாக்கொட்டை, அப்புறம் மல்லாட்டை. நம் வாயில் விழுந்தால் எந்தச் சொல்லும் மெலிந்துதான் போகும். செங்கம், போளூர், வந்தவாசி, செய்யாறு என்று எங்கே போனாலும் மானாவாரிக் கொல்லையெல்லாம் மல்லாட்டைதான். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்கள் எத்தனை வீட்டில் அடுப்பெரித்திருக்கின்றன! கிரிவலப் பாதையில் அவித்த மல்லாட்டை வாங்கித் தின்னாமல் சுற்றி வந்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருத்தர் தூக்குகிறார். அய்யாவுக்குப் பல் இல்லை, மன்னிச்சிடலாம். (சிரிப்பு)

அந்த மல்லாட்டை என் வீட்டில் குற்றவாளியான கதையைச் சொல்கிறேன். அச்சத்தைப் பரிமாறியவன் யார் என்று கேட்டால், நடுவர் அவர்களே, இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன். நான்தான்.

1999-ஆம் வருடம். கல்யாணமாகி ஒரு வருஷம். முனைவர் பட்டம் வாங்கி ஆறு மாதம். ‘டாக்டர்’ என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று தெருவில் மெதுவாக நடந்து போன காலம். (சிரிப்பு) என் மனைவிக்கு மூன்றாம் மாதம். லண்டனில் வேலை பார்த்த கல்லூரி நண்பர் ஒருவர் ஐ.எஸ்.டி.யில் பேசினார். விஷயத்தைச் சொன்னேன். ‘டேய், வேர்க்கடலை குடுத்துடாதே. இங்கே கவர்ன்மெண்டே சொல்லியிருக்கு. வயித்துப் பிள்ளைக்கு அலர்ஜி வரும்’ என்றார்.

லண்டன் சொன்ன பிறகு அப்பீல் உண்டா? அன்றைக்கே உத்தரவு போட்டேன். சட்னி கூடாது, உருண்டை கூடாது, குழம்பில் அரைத்து ஊற்றக் கூடாது. என் அம்மா பிடித்துக்கொண்டார்கள். ‘ஏன்டா, எவனோ லண்டன்ல சொன்னான்னு இவ வாயக் கட்டறியே! இவ பொறந்ததே மல்லாட்ட கொல்லையிலடா. நான் உன்ன சுமந்தப்ப இன்னா, முந்திரிப் பருப்பா தின்னேன்?’ என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு.’ தமிழில் முனைவர் பட்டம் வாங்கினவன், மருத்துவத்தில் தீர்ப்புச் சொன்னேன்!

கார்த்திகை மாதம், தீபத்துக்கு முந்தின வாரம். செங்கம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து என் மாமனார் வந்தார். தலையில் ஒரு மூட்டை. வேர்வை சொட்டச் சொட்ட இறக்கி வைத்தார். ‘மாப்ள, பச்ச மல்லாட்ட. காத்தாலதான் புடுங்கி ஆய்ஞ்சது. பொண்ணுக்கு அவிச்சிக் குடுங்க.’ நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ‘மாமா, இதெல்லாம் இப்ப ஆகாது. எடுத்துட்டுப் போயிடுங்க’ என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. படித்த மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அந்த மூட்டையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, செங்கம் பஸ்ஸுக்கு நடந்தார். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

நடுவர் அவர்களே, அவர் கொண்டுவந்தது அன்பு. அதைத் திருப்பி அனுப்பியது எது? அச்சம்! (கைதட்டல்)

கதை இன்னும் முடியவில்லை. மகள் பிறந்தாள், வளர்ந்தாள். நாலு வயதில் ஒரு நாள் கடலை உருண்டையைக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். ஒரு தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. நான் மார்தட்டினேன். ‘பாத்தியாம்மா! அன்னிக்கு நான் நிறுத்தினதாலதான் இன்னிக்குப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லே.’ என் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ‘போடா பைத்தியக்காரா! நீ காலேஜுக்குப் போனதும், தினம் ரெண்டு கை அவிச்சி, மாட்டுக் கொட்டாயில வச்சி இவளுக்குக் குடுத்தண்டா!’ (சிரிப்பு, கைதட்டல்)

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. என் மனைவி, என் பிள்ளையைச் சுமந்தவள், ஆறு மாதம் என் வீட்டிலேயே திருடி மாதிரி மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். யாருக்குப் பயந்து? எனக்குப் பயந்து.

சரி, யார் சொன்னது உண்மை? நானா, என் அம்மாவா? ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் நிரூபிக்க முடியாது, என் அம்மாவும் நிரூபிக்க முடியாது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

முதல் அதிர்ச்சி, அந்த லண்டன் அறிவுரையிலேயே இருந்தது. 1998-ல் பிரிட்டிஷ் அரசு அப்படி ஒன்று சொன்னது உண்மைதான். யாருக்குச் சொன்னது? தாய்க்கோ தகப்பனுக்கோ மூத்த பிள்ளைக்கோ ஆஸ்துமா, கரப்பான், ஒவ்வாமை என்று இருக்கிற குடும்பத்துக்குச் சொன்னது. அவர்களுக்கும், ‘விரும்பினால் தவிர்க்கலாம்’ என்றுதான் சொன்னது. என் வீட்டில் ஆஸ்துமாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அறிவுரை லண்டனில் இருந்து கிளம்பும்போது ‘இருந்தால்’, ‘விரும்பினால்’ என்று இரண்டு துணையோடு கிளம்பியது. டெலிபோன் கம்பியில் வரும்போது இரண்டும் வழியிலேயே இறங்கிவிட்டன. ‘குடுத்துடாதே’ மட்டும் திருவண்ணாமலை வந்து சேர்ந்தது. (கைதட்டல்)

இரண்டாவது அதிர்ச்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2000-ல் இதே வழியில் சொன்னது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. அப்படியானால் அலர்ஜி குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் எடுத்த கணக்கில், 1997-ல் ஆயிரம் பிள்ளைகளில் நாலு பேருக்கு இருந்த வேர்க்கடலை அலர்ஜி, 2008-ல் பதினாலு பேருக்கு ஆகிவிட்டது! தடையால்தான் கூடியது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தடை காப்பாற்றவில்லை. 2008-ல் அமெரிக்கச் சங்கம் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2009-ல் பிரிட்டனும் வாபஸ் வாங்கியது. தாய்க்கே அலர்ஜி இருந்தாலொழிய, கர்ப்பிணிகள் வேர்க்கடலையைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது.

மூன்றாவது, ஒரு வேடிக்கை. லண்டனைச் சேர்ந்த கிடியன் லேக் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிட்டனில் வேர்க்கடலை அலர்ஜி பத்து மடங்கு அதிகம். வித்தியாசம் எங்கே? இஸ்ரேலில் ‘பம்பா’ என்று வேர்க்கடலையில் செய்த பொரி மாதிரி ஒரு தின்பண்டம். பல் முளைக்கும் முன்னே பிள்ளை அதைச் சப்ப ஆரம்பித்துவிடுகிறது!

அதோடு விடவில்லை. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வேர்க்கடலையே கிடையாது. மறு பாதிக்கு வாராவாரம் அளந்து கொடுத்தார்கள். ஐந்து வயது வரை. 2015-ல் முடிவு வந்தது. தவிர்த்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு அலர்ஜி. தின்ற பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்றே பேர்!

இது பிள்ளை வாயில் போனது. தாய் வாயில் போனது? 2014-ல் அமெரிக்காவில் எட்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தார்கள். தனக்கு அலர்ஜி இல்லாத தாய், கர்ப்பத்தை ஒட்டிய காலத்தில் வாரம் ஐந்து தடவையோ அதற்கு மேலோ கொட்டை வகைகள் சாப்பிட்டிருந்தால், அவள் பிள்ளைக்கு அலர்ஜி வருவது குறைவாக இருந்தது. இது கவனித்துச் சொன்ன கணக்குதான். ‘தின்றால் கண்டிப்பாகத் தடுக்கும்’ என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ‘தின்றால் கெடுதல்’ என்று சொல்ல முகாந்திரம் இல்லை. என் அம்மா எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. மாட்டுக் கொட்டகைத் தீர்ப்பு நின்றுவிட்டது! (பலத்த கைதட்டல்)

ஏன் இப்படி நடக்கிறது? டாக்டர்கள் சொல்லும் விளக்கத்தை நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். உடம்பு ஒரு வீடு. வாசல் வழியாக, வாய் வழியாக வருகிறவனை உடம்பு ‘விருந்தாளி, வா, உட்கார்’ என்கிறது. ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறவனை? ‘திருடன், பிடி, அடி’ என்கிறது. கரப்பான் வந்து வெடித்த தோல் இருக்கிறதே, அது பிரிந்த ஓடு. பிள்ளைக்குத் தின்னக் கொடுக்காமல் இருக்கும்போது, வீட்டில் பறக்கிற கடலைத் தூசி அந்த வழியாக உள்ளே போகிறது. உடம்பு அவனைத் திருடன் என்றே முதலில் பழகிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் வாசல் வழியாக வந்தாலும் அடிக்கிறது. அந்த அடிதான் அலர்ஜி.

எதிரணித் தலைவர் எழுதிக்கொள்கிறார். ‘அப்படியானால் அலர்ஜியே பொய்யா?’ என்று கேட்கப் போகிறார். பொய் இல்லை அய்யா. உயிரைக் குடிக்கிற மெய். உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், வாந்தி வரும், மூச்சு இரைக்கும். அந்த நேரத்தில் ‘மந்திரிச்சுப் பாக்கலாம்’ என்று உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. வள்ளுவர் ‘மருந்து’ என்று ஒரு அதிகாரமே வைத்து, உடம்போடு மாறுபடாத உணவை அளவோடு உண் என்கிறார். எல்லாரும் இதைத் தின்னாதே என்று அவர் பட்டியல் போடவில்லை. உன் உடம்போடு எது மாறுபடுகிறது என்று நீ பார் என்கிறார்.

அதனால் தாய்மார்களே, கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கே மல்லாட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் தொடாதீர்கள். ஒத்துக்கொள்ளும் என்றால் பயமில்லாமல் சாப்பிடுங்கள். நூறு கிராமில் ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் புரதம். ஏழைக்கு இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்? ஆனால் பூஞ்சை பிடித்தது, கறுத்தது, சுருங்கினது, கசப்பது என்றால் ஒன்றுகூட வேண்டாம். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிள்ளைக்கு ஆறு மாதம் வாக்கில் மற்ற உணவு பழகின பிறகு, நைசாக அரைத்துக் குழைத்துத் தரலாம். முழுக் கொட்டையை ஐந்து வயது வரை தரவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள பிள்ளை என்றால், டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். பாட்டி சொன்னதெல்லாம் வேதமில்லை. சீம்பாலைப் பீச்சி மண்ணில் கொட்டச் சொன்னதும் ஒரு பாட்டிதான். பிறந்த பிள்ளைக்குக் கழுதைப்பால் புகட்டினதும் ஒரு பாட்டிதான். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர்கூட அளந்து கொடுத்ததும் ஒரு பாட்டிதான். பாட்டி பயந்தாலும் அச்சம்தான், லண்டன் பயந்தாலும் அச்சம்தான். லண்டன் ஒரு காரியம் செய்தது. தான் சொன்னது தவறு என்று தெரிந்ததும், பதினொரு வருஷம் கழித்தாவது, ‘வாபஸ்’ என்றது. நம் வீடுகளில் எந்தத் தடையையாவது யாராவது வாபஸ் வாங்கியிருக்கிறோமா? (கைதட்டல்)

‘பயம் வருவதே அன்பினால்தானே’ என்று எதிரணி கேட்கலாம். அய்யா, நான் என் மனைவி மேல் அன்பில்லாதவனா? அன்பு எனக்கும் இருந்தது. ஆனால் தட்டில் நான் வைத்தது அது இல்லையே! அன்பு இருந்திருந்தால் ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று அவளைக் கேட்டிருப்பேன். ஒரு டாக்டரிடம் போய், ‘இது எங்களுக்குப் பொருந்துமா?’ என்று கேட்டிருப்பேன். பயந்தவன் யாரையும் கேட்கவில்லை, உத்தரவு போட்டான். தலைப்பு நெஞ்சில் இருப்பதைக் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. தட்டில் இருப்பதைக் கேட்கிறது.

முடித்துக்கொள்கிறேன். அந்தத் தடை வாபஸ் ஆன செய்தியை நான் படித்தபோது என் மாமனார் இல்லை. 2006-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ‘மாமா, நான் தப்பா சொல்லிட்டேன்’ என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

போன வருஷம் என் மகளுக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதமும் இருந்தது. நான் காலையிலேயே செங்கத்துக்குப் போய், பச்சை மல்லாட்டை ஒரு மூட்டை வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் இருந்து வீடு வரைக்கும் ஆட்டோ வைக்கவில்லை. தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் கழுத்து விட்டுப் போச்சு. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அது எவ்வளவு கனம் என்று. அறுபது வயது மனிதர், அதைக் கொண்டும் வந்தார், திருப்பித் தூக்கிக்கொண்டும் போனார்.

வீட்டு வாசலில் இறக்கினேன். என் மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒரு பெரிய குண்டானை எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, கூடத்து நடுவில், எல்லோர் எதிரிலும் அடுப்பை மூட்டி அவித்தாள். இருபத்தஞ்சு வருஷம் கழித்து, மாட்டுக் கொட்டகையில் இருந்து கூடத்துக்கு வந்தது அந்த மல்லாட்டை. (நீண்ட கைதட்டல்)

அது கூடத்துக்கு வர இத்தனை வருஷம் ஆனது என்றால், அத்தனை வருஷமும் எங்கள் வீட்டுத் தட்டில் இருந்தது எது? உங்கள் வீட்டுத் தட்டையும் ஒருதடவை நினைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே. பார்த்துவிட்டு, அச்சமே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.